மருத்துவ நுழைவுத் தேர்வும் பயிற்சி நூல்களும்

(பொத்தேரியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தமிழாசிரியன் ஒருவனுக்கு உரியதன்று என்று உங்களிற் சிலர் கருதுதல் கூடும். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் பயிற்றும் ஆசிரியர்கள் நம் சங்கத்திலேயே உளர். பாடங்களின் உட்பொருளை அவர்கள்பாற் கேட்டறிதலே முறை. யான் சொல்லப் புகுவது பாடத்தைப் பற்றியன்று, நூலைப் பற்றி. எந்நூல் கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது, கொண்ட நூலை எவ்வாறு பயில்வது, ஒரு நூலின் இரு பதிப்புக்கள் தம்முள் வேறுபடுங்கால் எதனைப் பற்றி நிற்பது என்னும் இவை தமிழ் கற்றோர் நாடோறும் எதிர்ப்படும் வினாக்களே.

சென்ற சில திங்களாக நம் உறுப்பினர் பலர், தம் மக்கள் படித்து முடித்த நீட் தேர்வுப் புத்தகங்களைச் சங்கத்து அறையிற் கொணர்ந்து சேர்த்துள்ளனர். அலமாரி நிறைந்து, இப்பொழுது தரையிலும் அடுக்கியாயிற்று. அவற்றைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஏழைப் பிள்ளைகட்கு விலையின்றி வழங்கலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். எண்ணம் உயர்ந்தது, கொடுத்தோர் மனமும் பெரிது. ஆயினும் அவற்றை ஆராயாது அப்படியே வழங்கின் நன்மையினும் தீமையே மிகும் என்பது என் துணிபு.

அப்புத்தகங்களைப் பெறவிருக்கும் பிள்ளைகள் யாவர்? கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர்ப் பக்கங்களில் அரசு பள்ளிகளிற் பயில்வோர். பெரும்பாலோர் தமிழ்வழி மாணாக்கர். நம் ஊர் இரயிலடியில் நின்று பார்ப்பின் மருத்துவக் கல்லூரியின் மாடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் இப்பிள்ளைகளின் வீட்டார்க்குக் கனவிலும் எட்டாதது. 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களே அவர்கட்கு உரிய வாயில். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு பள்ளியிற் படித்தோர்க்கென 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாயிலைச் சற்றே அகலத் திறந்திருக்கின்றது. அங்கும் நீட் தேர்வின் மதிப்பெண் கொண்டே வரிசை அமைகின்றது. ஓராண்டு தவறான நூலிற் கழியுமாயின், மறுமுறை எழுத இன்னோர் ஆண்டு வீட்டிலிருத்தற்குரிய வசதி இவர்கட்கு இல்லை.

இத்தேர்வே வேண்டா என்னும் கட்சியை யான் அறியேனல்லேன். நம் மாநிலம் முன்னிருந்த நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. அதன்பின் பத்தாண்டுகள் பள்ளியிறுதி மதிப்பெண்ணே போதியதாயிருந்தது. 2017 முதல் நீட் நம்மேல் வந்தது. 2021-லும் 2022-லும் விலக்கு வேண்டி நம் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அவ்வழக்கில் என் உள்ளம் எப்பக்கம் என்பதை நீவிர் அறிவீர். ஆனால் பெரியோர் வழக்காடி முடிக்குமளவும் பிள்ளை தேர்வெழுதாது காத்திருத்தல் இயலாதன்றோ?

இனிப் பொருளுக்கு வருவோம். ஏட்டுச்சுவடிகளிலிருந்து பழநூல்களைப் பதிப்பித்த பெரியோர், பல சுவடிகளை ஒருங்கே வைத்துப் பாடபேதம் கண்டனர். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் அவர்கள் அதற்குப் பட்ட பாட்டை அவர்தம் வரலாற்றிற் படித்திருப்பீர்கள். ஒரு சொல் மாறினாற் பொருள் மாறும். இது பண்டிதர்களின் வீண் கவலை என்று நகைத்தோர் உண்டு. 2024-ஆம் ஆண்டில் அப்பாடபேதம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் போய் நின்றது.

அவ்வாண்டு மே 5-ஆம் நாள் நடந்த நீட் தேர்வில், இயற்பியற் பகுதியில் அணுவைப் பற்றி ஒரு வினா வந்தது. இரு கூற்றுக்களைத் தந்து, எது சரி, எது பிழை என்று கேட்டிருந்தனர். இரண்டாங் கூற்று, ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலைப்புடையது, தனக்குரிய நிறமாலையை உமிழ்வது என்னும் கருத்தினது. என்.சி.இ.ஆர்.டி. என்னும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பழைய பதிப்பை ஓதியவர்க்கு அது சரி. புதிய பதிப்பிலோ, 'ஒவ்வொரு' என்னும் சொல் நின்ற இடத்திற் 'பெரும்பாலான' என்னும் சொல் நிற்கின்றது. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலைப்பற்றவை ஆதலின் அத்திருத்தம். புதிய பதிப்பை ஓதியவர்க்கு அக்கூற்றுப் பிழை. தேர்வு நடத்திய தேசியத் தேர்வு முகமை இருசாரார்க்கும் மதிப்பெண் அளித்தது. வழக்கு எழுந்தது. டில்லி ஐ.ஐ.டி.யின் வல்லுநர் மூவர் ஆராய்ந்து, ஒரே விடைதான் சரி, அது புதிய பதிப்பின்வழிப்பட்டதே என்று உரைத்தனர். உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. பழைய பதிப்பின்வழி விடையளித்த 4 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகட்கு, கொடுத்த 4 மதிப்பெண்ணும் போய், பிழை விடைக்குரிய 1 மதிப்பெண்ணும் கழிந்தது. சூன் 4-ஆம் நாள் முழு மதிப்பெண் பெற்றோர் என்று அறிவிக்கப்பட்டவர் 67 பேர். இறுதித் திருத்தத்தின்பின் நின்றவர் 17 பேர். குறைந்தோரிற் பெரும்பாலோரை இறக்கியது இவ்வொரு வினாவே.

ஒரு சொல்லுக்கு 5 மதிப்பெண்! மதிப்பெண் நெருங்கிய இடத்தில் 5 மதிப்பெண் பல்லாயிரம் பேரை முன்னும் பின்னும் தள்ளும். அப்பிள்ளைகள் சோம்பலராய்ப் படியாதிருந்தாரில்லை. தம் அண்ணனோ அண்டை வீட்டாரோ கொடுத்த புத்தகத்தை நம்பிக் கருத்தூன்றிப் படித்தவர் அவருள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். நம் அறையில் தரையில் அடுக்கிய கட்டுக்களை யான் ஒரு மாலைப்பொழுது புரட்டிப் பார்த்தேன். 2014, 2016, 2018 என்று ஆண்டு பொறித்த புத்தகங்களே மிகுதி.

பதிப்பு வேறுபாடு சொல்லளவில் நின்றதன்று. என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களிற் பல இயல்களை நீக்கிச் சுருக்கியது. அதன்பின் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில், 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்கெனத் திருத்திய பாடத்திட்டத்தை வெளியிட்டது. வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள், உலோகங்களைப் பிரித்தெடுத்தல் முதலியன போயின. உயிரியலில் செரித்தல் என்னும் பகுதி போயிற்று. செய்முறைத் திறன்கள் இயற்பியலிலும் வேதியியலிலும் தனிப் பகுதிகளாய் இடம்பெற்றன. பழைய வினா வங்கி ஒன்றை எடுத்துக்கொண்டு அமரும் பிள்ளை, கேளாத பகுதிக்கு வாரக்கணக்கிற் பாடுபட்டு, கேட்கும் பகுதியைக் கண்ணாலும் காணாது போதல் கூடும்.

ஆனாற் பழையதெல்லாம் தீயிலிடத் தக்கது என்றும் யான் சொல்லேன். இங்கே ஒரு நுட்பம் உளது. அதனைப் பெற்றோர் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். பி-தொகுதித் தனிமங்கள் என்னும் பகுதி சுருக்கப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வேதியியல் நூலில் இல்லை. மருத்துவ ஆணையத்தின் திட்டத்திலோ 13-ஆம் தொகுதி முதல் 18-ஆம் தொகுதி வரை அஃது உண்டு. புதிய நூலை மட்டும் நம்பினோர்க்கு அங்கே ஒரு பள்ளம். பழைய என்.சி.இ.ஆர்.டி. நூலில் அவ்வியலைக் காணலாம். அதனினும் எளிய வழி, நம் தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறத்தல். 2019-இல் வந்த நம் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் முதல் தொகுதியில் அப்பகுதி இரண்டு அலகுகளாய்த் தமிழிலேயே இருக்கின்றது. அதற்கு முந்திய அலகாகிய உலோகவியல் பள்ளித் தேர்வுக்கு வேண்டும். நுழைவுத் தேர்வுக்கு வேண்டா. ஆகவே நூலைத் தெரிவதன்முன் கையில் இருக்கவேண்டியது மருத்துவ ஆணையம் அவ்வாண்டுக்கு வெளியிட்ட பாடத்திட்டம். சில தாள்களே கொண்டது, விலையில்லாதது. அதனை அச்சிட்டு மேசைமேல் வைத்து, பென்சிலாற் குறித்துக்கொண்டே பாடநூலின் பொருளடக்கத்தை ஒப்பிடுக. ஒரு நாள் வேலை. ஆயிரக்கணக்கிற் பொருள் செலவிட்டுப் புத்தகம் வாங்கும் வீடுகளில் இவ்வொரு நாள் வேலையைச் செய்தவர் அரியர்.

தமிழ்வழி மாணாக்கர்க்கு வேறொரு இடர்ப்பாடு உண்டு. 2017-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தார்க்கு ஒரு வினாத்தாளும் தமிழ் முதலிய மொழியார்க்கு வேறு வினாத்தாளும் கொடுத்தனர். அது முறையன்றென்று கண்டனம் எழவே, 2018 முதல் ஒரே தாளை மொழிபெயர்த்துத் தரலாயினர். அம்மொழிபெயர்ப்பு இருந்த இலட்சணத்தை என் சொல்வேன்! 'சிறுத்தை' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சிட்டிருந்தனர். 49 வினாக்களிற் பிழை என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் அளிக்குமாறு அவ்வாண்டு சூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்து, நவம்பரில் நீக்கிவிட்டது. தமிழில் எழுதியோர் 24,000-த்துக்கு மேற்பட்டவர். அவர்கட்கு ஒன்றும் கிட்டவில்லை.

தேர்வின் விதி யாதெனின், மொழிபெயர்ப்பில் ஐயம் நேரின் ஆங்கில வாசகமே முடிந்த முடிபு என்பது. தமிழ் வேண்டுவோர்க்குத் தரும் வினாத்தாளில் ஆங்கிலமும் உடன் இருக்கின்றது. ஆதலின் தமிழ்வழிப் பிள்ளை தமிழ்ப் பயிற்சி நூலை மட்டும் கைக்கொள்ளின், தேர்வுக் கூடத்தில் தன் முன்னிருக்கும் தாளிற் பாதியைப் படிக்கத் தெரியாதவனாகின்றான். இதனைச் சொல்லுதல் தமிழாசிரியனாகிய எனக்கு உவப்பன்று. ஆயினும் விதி அஃதாயின், மறைத்தல் பிள்ளைக்கு இழைக்கும் தீங்கு.

அதற்கு ஆங்கிலம் முழுதும் கற்றாக வேண்டுவதில்லை, கலைச்சொற்களே வேண்டுவன. அவற்றில் தமிழ் நுட்பமுடைய மொழி. ஆங்கிலம் ஒரு சொல்லால் பல பொருளைச் சுட்டும். உயிரியலில் நாம் உட்கரு என்பதும் இயற்பியலில் அணுக்கரு என்பதும் ஆங்கிலத்தில் ஒரே நியூக்ளியஸ். உடம்பின் செல்லும், மின்சாரம் தரும் மின்கலமும் அங்கே ஒரே செல். வேதியியலிற் கரைசலும் கணக்கிற் தீர்வும் ஒரே சொல்யூஷன். இவ்வாறு ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் பத்துச் சொற்களை இருமொழியிலும் எழுதிவரின், ஆறு திங்களில் ஆயிரத்தெண்ணூறு சொல் சேரும். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1864 முதல் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவரும் நூல்களை மொழிபெயர்த்ததோடு அமையாது ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் சொற்றொகுதிகள் ஆக்கினார். மருத்துவம் தமிழில் நடவாது என்போர்க்கு அவர் பெயரையே யான் விடையாகச் சொல்வது வழக்கம். அது நிற்க.

முந்திய ஆண்டுகளின் வினாத்தாள்களை இருமொழியிலும் பெறலாகும். கடைகளில் விற்கும் எப்பயிற்சி நூலினும் அவையே சிறந்தவை. ஏனெனின் அவற்றை ஆக்கியோர் தேர்வு நடத்தியோரே. ஆனால் அவற்றையும் கண்மூடிக் கொள்ளலாகாது. 2021 முதல் 2024 வரை தாளில் 200 வினாக்கள் இருந்தன; அவற்றுள் 180-க்கு விடையளித்தாற் போதும். 2025-இல் அத்தெரிவு நீங்கி, 180 வினா, 180 நிமிடம் என்று பழைய முறைக்கே மீண்டது. உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. இதனையறியாது 2022-ஆம் ஆண்டுத் தாளை வைத்துக் காலம் அளப்போன், விட்டுவிடலாம் என்னும் பழக்கத்தைக் கற்றுக்கொள்வான். விடைக் குறிப்பிலும் எச்சரிக்கை வேண்டும். தேர்வு முகமை முதலில் தற்காலிக விடைகளை வெளியிடும். மறுப்புக்களைக் கேட்டபின் இறுதி விடைகளை வெளியிடும். விரைந்து அச்சிடும் பதிப்பாளர் முன்னதைச் சேர்த்துவிடுதல் கூடும். கடையில் நிற்கும்போதே, இறுதி விடை நன்கு தெரிந்த பத்து வினாக்களைப் புத்தகத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பிழை காணின் அந்நூலை அங்கேயே வைத்துவிட்டு வருக.

இனிப் பயிலும் முறை. கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். பிள்ளையின் மேசைமேற் பதினான்கு பயிற்சி நூல்கள். தந்தையார் பெருமிதத்துடன் அவற்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் முதல் முப்பது நாற்பது பக்கங்களிலே பென்சிற் குறி. அப்பால் தாள் புத்தம் புதிது. ஒவ்வொரு நூலும் முதலியலிலிருந்தே தொடங்குதலின், அப்பிள்ளை அளவீட்டு முறைகளைப் பதினான்கு முறை படித்து, ஒளியியலை ஒருமுறையும் படித்திலன்! ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் பயிற்சி நிலையத்தார் நட்டிருக்கும் பலகைகளைக் கண்டு அஞ்சி வாங்கிய புத்தகங்கள் அவை. நம் முன்னோர் ஒரே நூலைத் திரும்பத் திரும்பப் பாடங்கேட்டனர். இரண்டாங் கேள்வியிற் பிழை நீங்கும், மூன்றாவதிற் பிறர்க்கு எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்று கண்டனர். பாடநூல் ஒன்று, வினா நூல் பாடத்துக்கு ஒன்று, முந்திய வினாத்தாள்கள்: இவற்றின்மேல் நான்காவது ஒன்றை வாங்குவதற்குமுன், வாங்கியவை முடிந்தனவா என்று பாருங்கள்.

பயிற்சியின் பயன் விடை சரியாய் வந்த இடத்தில் இல்லை. பிழைத்த இடத்தில் உள்ளது. பிழைக்கென ஒரு குறிப்பேடு வேண்டும். வினாவைப் பெயர்த்தெழுத வேண்டா. எண்ணைக் குறித்து, பிழை எதனால் வந்தது என்று ஒரு வரி எழுதுக. பாடம் தெரியாமையால் வந்ததா, 'அல்லாதது எது' என்பதை 'எது' என்று படித்ததால் வந்ததா, கணக்கில் தசமப்புள்ளி தவறியதால் வந்ததா? ஒரு திங்கள் சென்றபின் அவ்வேட்டைப் புரட்டின் பிள்ளையின் இயல்பு தெரியும். தெரியாமைக்கு மருந்து படித்தல். தவறிப் படித்தலுக்கு மேலும் படித்தல் மருந்தாகாது, நிதானமே மருந்து. பெற்றோர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, "இன்னும் படி, இன்னும் படி" என்று நெருக்குகின்றனர்.

ஊகித்து விடையளித்தலையும் பயிற்சியிலேயே அளந்துகொள்ள வேண்டும். சரிக்கு 4 கூடும், பிழைக்கு 1 குறையும். ஒன்றும் தெரியாத நான்கு வினாக்களிற் கண்மூடிக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும், மூன்று பிழையாகி 3 போகும், நிற்பது 1. நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளத் தெரிந்த வினாக்கள் நான்கெனின், இரண்டு சரியாகி 8, இரண்டு பிழையாகி 2, நிற்பது 6. ஆகவே பாதி தெரிந்ததை விடுதல் நட்டம். முற்றும் தெரியாததிற் காலம் போக்குதலும் நட்டம். பயிற்சித் தாளில் உறுதியானவற்றுக்கு ஒரு குறி, பாதி தெரிந்தவற்றுக்கு ஒரு குறி, ஊகத்துக்கு ஒரு குறி இட்டு, ஒவ்வொன்றும் எத்தனை பலித்தது என்று தனித்தனியே எண்ணுக. 'உறுதி' என்று குறித்தவற்றுள் ஐந்தில் ஒன்று பிழைக்குமாயின், அப்பிள்ளைக்கு உறுதி என்பதன் பொருள் இன்னும் விளங்கவில்லை என்று கொள்க.

மூன்று ஆண்டுகளின் வினாத்தாள்களை மட்டும் பிரிக்காது வைத்து, கடைசி இரண்டு திங்களில் முழுத் தேர்வாக எழுதுதல் நலம். 2025-இல் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடந்தது. விடியற்காலைக் குளிரில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு, அக்கினி நட்சத்திரத்தின் வாயிலில், மே மாத நண்பகல் உணவுக்குப்பின் எழுதுவது வேறோர் உலகம். ஆதலின் பிற்பகலிலேயே எழுதுக; கைப்பேசியை வேறு அறையில் வைக்க; வட்டங்களைக் கருமை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளின் படியெடுப்பில், கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் எழுதுக. வட்டமொன்றை நிரப்ப 5 வினாடி எனக் கொள்ளின் 180-க்கு 15 நிமிடம் ஆகின்றது. அக்கால் மணி நேரத்தைப் புத்தகத்திலேயே விடை வளைத்துப் பழகியோர் கணக்கிடுவதில்லை.

கைப்பேசி வழியே 'வினாத்தாள் கிடைக்கும்' என்று வரும் செய்திகளைப் பற்றி ஒரு சொல். 2024-இல் பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் தாள் கசிந்தது உண்மையென்று நீதிமன்றமே கண்டது. கசியச் செய்தோரும் வாங்கியோரும் சிறைப்பட்டனர். அவ்வலையில் நம் வீட்டுப் பிள்ளை விழலாகாது. இதனை விரிக்க வேண்டுவதில்லை.

இனி நம் சங்கம் செய்யத்தக்கதாக யான் வேண்டுவது இது. அறையிலுள்ள புத்தகங்களை வழங்குமுன் மூன்று அடுக்குகளாகப் பிரிப்போம். சுருக்கத்தின்பின் வந்த பதிப்புக்களும் 2024-க்குப் பின் அச்சான வினா நூல்களும் ஓரடுக்கு. அவற்றை உடனே வழங்கலாம். பழையவற்றுள் பி-தொகுதி போன்ற வேண்டிய இயல்கள் உடையவை இரண்டாம் அடுக்கு. அவற்றில் நீங்கிய பகுதிகளின்மேற் சிவப்பு மையாற் கோடிட்டு, முதற்பக்கத்தில் ஆண்டைப் பெரிதாக எழுதி, அறையிலேயே வைத்துப் பயன்படுத்தலாம். எஞ்சியவை பழந்தாட் கடைக்கு. கொடுத்தோர் மனம் வருந்தற்க. விற்று வரும் பணத்தைக்கொண்டு இருமொழி வினாத்தாள்களைப் படியெடுப்போம்.

இவ்வேலைக்கு வேதியியல் கற்றோர் இருவர், இயற்பியல் கற்றோர் ஒருவர், உயிரியல் கற்றோர் இருவர் வேண்டும். சென்ற ஈராண்டுகளில் இத்தேர்வை எழுதிய பிள்ளைகள் வரின் இன்னும் நன்று. எது கேட்டனர் என்பதை அவர்கள் நம்மினும் நன்கறிவர். கலைச்சொற் குறிப்பேட்டை யான் மேற்பார்த்துக் கொள்கின்றேன். பாடத்திட்டத்தின் படிகள் இருபது அச்சிட்டுக் கொணர்ந்துள்ளேன்; செயலாளர் அவர்களின் மேசைமேல் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை 9 மணிக்குச் சங்கத்து அறை திறந்திருக்கும். பென்சிலும் சிவப்பு மைப் பேனாவும் கொணர்க.